கீசருக்கு ஒரு டைமர்: குன்னூர்க் குளிரில் பார்த்த கணக்கு

குன்னூரில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்று எட்டு ஆண்டுகளாக உழைத்துவருகிறது. அதை நாள் முழுவதும் போட்டே வைத்திருக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. தண்ணீர் ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து காய்ச்சுவதற்கு அதிகக் கரண்ட் இழுக்கும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். அம்மாவோ விடியற்காலை நாலேகால் மணிக்கு எழுந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு மீண்டும் போர்வைக்குள் நுழைந்துகொள்வார். இந்த வழக்கைத் தீர்ப்பதற்காகவே சென்ற டிசம்பரில் 1,900 ரூபாய் கொடுத்து ஒரு டைமர் வாங்கினேன். எலக்ட்ரீஷியன் அதை கீசருக்குப் போகும் வயரில் பொருத்தியபோது, வாடகை வீடுகளில் வைப்பது போன்ற ஒரு சப்மீட்டரையும் கூடவே மாட்டச் சொன்னேன்.

டைமரின் முகப்பில் வட்டமாக 96 சிறு பற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கால் மணி நேரம். நகத்தால் ஒரு பல்லை வெளியே தள்ளினால் அந்தக் கால் மணி நேரத்துக்கு கீசர் எரியும். எங்கள் குழாய்த் தண்ணீர் டிசம்பர் காலையில் 14 டிகிரி இருந்தது. அதை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1.3 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்களுடைய 2 கிலோவாட் கீசருக்கு அது நாற்பது நிமிட வேலை. ஆகவே காலை நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை மூன்று பற்களும், மாலை ஆறு மணிக்கு மேல் மூன்று பற்களும் போதுமானவையாக இருந்தன.

முதல் வாரம் அண்ணன் சொன்னபடி கீசரை அணைக்கவே இல்லை. இரண்டாம் வாரம் டைமரின் பொறுப்பில் விட்டோம். காலையில் இருவர், இரவில் இருவர், ஆளுக்கு ஒரு வாளி என்ற வழக்கத்தில் மாற்றம் இல்லை. முதல் வாரம் 23 யூனிட், இரண்டாம் வாரம் பதினெட்டரை. மின்கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதங்களுக்கு இது சுமார் 39 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தால் 230 ரூபாய்க்குச் சற்று மேல். டைமருக்கு முதலில் போட்ட 1,900 ரூபாய் திரும்புவதற்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகும். விளம்பரங்கள் சொல்வதைப் போல மின்கட்டணம் பாதியாகிவிடாது. ஆயினும், தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு உள்ள சலுகைக் கட்டணமும் கைநழுவிப் போகும் என்பதால், 520, 530 என்று எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 39 யூனிட்டின் மதிப்பே வேறு.

அண்ணனின் வாதம் எங்கே சறுக்குகிறது என்பதையும் பார்த்துவிட்டேன். வீட்டில் எவரும் இல்லாத ஒரு நாள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திறக்காமல் கீசரை மட்டும் போட்டு வைத்திருந்ததில் 0.9 யூனிட் செலவாகியிருந்தது. அத்தனையும் தொட்டியின் சுவர் வழியாகக் குளியலறைக் காற்றுக்குப் போன வெப்பம். உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக வெப்பம் கசியும். தண்ணீர் ஆற ஆறக் கசிவும் குறைந்துகொண்டே வரும். ஆறிய தண்ணீரை மறுபடி காய்ச்சும்போது கசிந்த வெப்பத்தைத்தான் திருப்பித் தருகிறோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நட்சத்திரக் குறியீட்டு ஸ்டிக்கரில் போடப்படும் 24 மணி நேர இழப்பு 45 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்கிடப்படுவது. குன்னூர்க் குளிர்காலத்தில் எங்கள் குளியலறை நிலவரமும் கிட்டத்தட்ட அதுவே. சென்னையின் மே மாதத்தில் அதே தொட்டி இதைவிட மிகக் குறைவாகவே இழக்கும் என்பதால், அங்கே டைமரால் வரும் மிச்சமும் சுருங்கிவிடும்.

டைமருக்குப் பதிலாக, தண்ணீர் எவ்வளவு சூடானதும் கீசர் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்குக் குறைத்துவிட்டு எப்போதும் போட்டு வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தேங்கிய வெதுவெதுப்பான நீர் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி வளர்வதற்கு ஏற்ற இடம். 60 டிகிரியில் அது பிழைக்காது. குறைந்த நேரம் காய்ச்சினாலும் நன்றாகக் காய்ச்சுவதே சரி.

குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது சிறியதல்ல. நான் முதலில் வாங்கிய டைமரில் பேட்டரி கிடையாது. மலையில் காற்றடித்து மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்தால் கரண்ட் இரண்டு மணி நேரம் போய்விடும். அத்தனை நேரமும் டைமரின் கடிகாரமும் நின்றுவிடும். மறுநாள் ஐந்தரை மணிக்கு அப்பா குழாயைத் திறந்தபோது வந்தது பனிக்கட்டித் தண்ணீர். அன்று என் காதில் விழுந்தவற்றை இங்கே எழுத இயலாது. கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் 450 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு பேட்டரி உள்ளதை மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு கடிகாரம் தவறவில்லை. வாங்குவோர் பேட்டரியோடு 16 ஆம்பியர் என்ற எழுத்தையும் பார்த்து வாங்க வேண்டும். 2 கிலோவாட் கீசரே ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், விளக்குக்காக விற்கப்படும் 6 ஆம்பியர் டைமர் பிளக்குகளை இதற்குப் பயன்படுத்தினால் உருகிவிடும்.

குளிக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் வீட்டுக்கு டைமர் பொருந்தாது. அத்தகையோர், தண்ணீரைச் சேமித்து வைக்காமல் குளிக்கும்போதே சூடாக்கித் தரும் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கலாம் என்பார்கள். சமவெளியில் அது சரி. எங்கள் ஊர்த் தண்ணீரை 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நாற்பது டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரு வாளி நிரப்பப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். டிசம்பரில் அவ்வளவு நேரம் துண்டோடு நிற்க யாரால் முடியும்?

இந்த டைமருக்குக் கிழமை தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் நாலே முக்காலுக்கே காய்ச்சத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஞாயிறு, ஐந்தரைக்கு 60 டிகிரியில் நின்ற தண்ணீரை யாரும் தொடாமல் விட்டு, பதினொன்றரைக்கு அளந்தேன்: 53 டிகிரி. தாராளமாகக் குளிக்கலாம். அம்மா மட்டும் இன்னமும் நாலேகாலுக்கு விழித்துக்கொள்கிறார். சுவிட்சுக்குப் போகாமல் படுத்தபடியே டைமரின் டிக் சத்தத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்.