வெள்ளவத்தை சிங்கள வகுப்பு: வாய்மொழிக்கு நம்பிச் சேரலாம், எழுத்துக்கு யோசியுங்கள்

இலங்கையில் அரச வேலையில் இருக்கிற நம்மவர்களுக்கு இரண்டாம் மொழிப் பரீட்சை எவ்வளவு பெரிய தலையிடி என்று தெரியும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலை 1க்குப் பிறகு சேவைக்கு வந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று விதித்தது. சிங்களவர்களுக்கு அது தமிழ், நமக்குச் சிங்களம். எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. அதற்காகத்தான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற இந்தச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

வாய்மொழி மாதிரிப் பரீட்சை அருமை. டீச்சர் தானே கேள்வி கேட்பதில்லை, நமக்கு முகம் தெரியாத ஓய்வுபெற்ற சிங்கள உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிடுகிறார். அவர் வந்து, பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் பிழை, கிராம சேவகரின் கடிதமும் கையில் இல்லை, ஆனால் இன்றைக்கே முடித்துத் தா என்று கரைச்சல் கொடுக்கிற ஆளாக நடிக்கிறார், நாம் கவுண்டருக்கு உள்ளே இருந்து சமாளிக்க வேண்டும். விளங்காவிட்டால் உடனே புள்ளி வெட்டுவதில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று சிங்களத்திலேயே மரியாதையாகக் கேட்டால் அதற்கும் புள்ளி. கந்தோரில் தினமும் தேவைப்படுவது அதுதானே! பேசியதைப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்புவதால் வீட்டில் திரும்பக் கேட்டுப் பார்க்கவும் முடிகிறது.

எழுத்துப் பேப்பர்தான் ஏமாற்றம். பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். சிங்களத்தில் ண, ந என்றும் ள, ல என்றும் எழுத்துகள் தனித்தனியாக இருந்தாலும் பேச்சில் வித்தியாசம் கேட்காது, ஆகவே சொல் சொல்லாகப் பாடமாக்கத்தான் வேண்டும், அதைச் சோதிப்பதில் பிழையில்லை. ஆனால் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தை வாசித்து, எழுதியவர் என்ன கேட்கிறார் என்று விளங்கியதா எனப் பார்க்க ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. அப்புறம், பேச்சில் 'மம யனவா' (நான் போகிறேன்), 'அபி யனவா' (நாங்கள் போகிறோம்) என்று யாருக்கும் ஒரே வினைதான். எழுதும்போதோ 'மம யமி', 'அபி யமு' என்று ஆளுக்கேற்ப மாறும். போகிறேன், போகிறோம் என்று பழகிய நமக்கு இது இலகுவாகப் பிடிபட வேண்டிய விஷயம். அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும், இங்கே யாரும் சொல்வதில்லை.

இன்னொரு குறை, சேரும்போது எந்தச் சோதனையும் இல்லை. கொழும்பிலேயே வளர்ந்து சரளமாகப் பேசி, ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாதவரும், மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்து, எழுத்துகள் அத்தனையும் தெரிந்தும் வாய் திறக்கப் பயப்படுகிறவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். இருவருக்கும் தேவை வேறு, கிடைப்பது ஒரே பாடம். பேசத் தெரிந்தவர் பாதி நேரம் சும்மா இருக்கிறார், மற்றவர் வெட்கத்தில் இன்னும் ஒடுங்கிப் போகிறார். பார்க்கவே கவலையாக இருந்தது.

கட்டணம் பக்கத்து டியூட்டரிகளைவிடக் கொஞ்சம் கூட. வாய்மொழிப் பயிற்சிக்காக அதைக் கொடுக்கலாம். எழுத்து மட்டும்தான் பிரச்சினை என்றால் வேறு இடம் பாருங்கள். டீச்சர் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த குழு தொடங்குமுன் வருகிறவர்களின் வாசிப்பையும் பேச்சையும் தனித்தனியாகச் சோதித்துப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் என் தம்பியையும் கொண்டுவந்து சேர்க்கிறேன்.