எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா? முதல் பழைய பிரிட்டிஷ் கார் வாங்குபவர்களுக்கு

அம்பாசிடர் ஓட்டியவருக்கும், ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் உட்கார்ந்து போனவருக்கும் எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இந்த இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களும் முழுக்க அந்நியம் அல்ல. எம்ஜிபியின் பானெட்டுக்குள் இருக்கும் 1798 சிசி இன்ஜின், அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி இன்ஜினுக்கு அண்ணன் முறை. இரண்டும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ, ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி அதன்மேல் கட்டிய கார். அந்த ஹெரால்டைத்தான் 1960களில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் சென்னையில் தயாரித்தது. எனக்கு இந்தக் கார்கள்மேல் பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் என்னிடம் இருப்பது 1972ஆம் வருஷத்து எம்ஜிபி ஜிடி, அதாவது நிலையான கூரையுள்ள எம்ஜிபி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரிடம் ஸ்பிட்ஃபயர் 1500. வாரக்கடைசியில் ஒருவர் வண்டிக்கு அடியில் இன்னொருவர் டார்ச் பிடித்துக்கொண்டு கிடப்போம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசைப்படும் நண்பர்கள் "முதல் வண்டியாக எதை எடுக்கலாம்?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

இரண்டும் 1962இல் வந்தவை, இரண்டும் 1980இல் நின்றவை. எம்ஜிபி அபிங்டனில் உருவானது, ஸ்பிட்ஃபயர் கவென்ட்ரியின் கேன்லியில். முதல் சில ஆண்டுகள் வெளிப்படையான போட்டி. 1968இல் இரண்டு நிறுவனங்களும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் வந்ததும் அது பங்காளிச் சண்டையாக மாறியது. யாருக்கு முதலீடு, யாருக்குப் புது மாடல் என்ற இழுபறியில் இருவருமே மெலிந்துபோனார்கள். ஆனாலும் எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேலும், ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேலும் விற்றன. இன்று அதனால் நமக்குத்தான் லாபம். உதிரிபாகம் கிடைக்காமல் வண்டி நின்றுபோகும் நிலை இரண்டிலும் அனேகமாக இல்லை.

வாங்கப் போகும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். இந்த இன்ஜின்களைப் பிரித்துச் சரிசெய்ய ஆளும் உண்டு, சாமானும் உண்டு. துருப்பிடித்த பாடியைச் சரிசெய்யத்தான் பணம் தண்ணீராய்ப் போகும். எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை பெட்டி போல ஓடும் சில் என்ற பகுதிதான், குறிப்பாகக் கூரையில்லாத ரோட்ஸ்டரில், வண்டியின் முதுகெலும்பு. அது உள்ளே அரித்துப்போயிருந்தால் மேலே அடித்திருக்கும் பெயின்ட் எவ்வளவு பளபளத்தும் பிரயோஜனமில்லை.

என் வண்டியில் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாங்கும்போது சில் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவாரம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்ன காந்தம் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். கதவின்மேல் டக்கென்று ஒட்டியது. சில்லின் பின்முனையில் வைத்தேன், வழுக்கித் தரையில் விழுந்தது. அங்கே தகடே இல்லை, விரல் தடிமனுக்குப் பட்டி. வெல்டர் வெட்டித் திறந்தபோது, பழைய சில்லை எடுக்காமலேயே அதன்மேல் புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி ஒட்டியிருந்தது தெரிந்தது. வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேலைக்கே போனது. அதனால் சொல்கிறேன், காந்தத்தை வண்டி பார்க்கப் போகும்போதே எடுத்துக்கொண்டு போங்கள். ரோட்ஸ்டராக இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: விற்பவரின் அனுமதியோடு ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தூக்கியதும் கதவு இடித்தால், இடைவெளி குறுகினால், பாடி நடுவில் வளைகிறது என்று பொருள்.

ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸி உண்டு, ஆகவே துருவைப்பற்றி அவ்வளவு கவலை வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த சேஸி நடுவில் மட்டும் ஓடும் தண்டு. பக்கவாட்டு பலத்தை அங்கேயும் சில்தான் தருகிறது. இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி தரையில் வந்து சேரும் இடத்தையும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு உண்மையான வித்தியாசம் உண்டு. ஸ்பிட்ஃபயரின் பாடியைச் சேஸியிலிருந்து கழற்றித் தனியே வைத்து வேலை செய்யலாம். எம்ஜிபியில் அது முடியாது. அதற்குப் பதிலாக, முழுப் புது எம்ஜிபி பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் தயாரித்துவருகிறது. விலை அதிகம்தான். ஆனாலும் அப்படி ஒரு வழி இருப்பதே பெரிய விஷயம்.

சரி, கையால் வேலை செய்வதில் யார் மேல்? இங்கே நண்பர் என்னை ஜெயித்துவிடுவார். ஸ்பிட்ஃபயரின் பானெட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இதுவும் ஹெரால்டின் சொத்துதான். திறந்ததும் இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்முன்னே கிடக்கும். முன் டயரின்மேலேயே உட்கார்ந்துகொண்டு டேப்பட் அட்ஜஸ்ட் செய்யலாம். என் எம்ஜிபியில் அதே வேலைக்கு மட்கார்டுமேல் போர்வை விரித்துக் குனிந்து நிற்க வேண்டும், அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கிளட்ச் மாற்றுவதில் வித்தியாசம் இன்னும் பெரியது. ஸ்பிட்ஃபயரில் இருக்கைகளையும் நடுவில் இருக்கும் மூடியையும் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளேயிருந்தே வெளியே எடுத்துவிடலாம். இரண்டு பேருக்கு ஒரு சனிக்கிழமை போதும். எம்ஜிபியில் கிளட்ச் தட்டை மாற்ற இன்ஜினையே தூக்க வேண்டும். எனவே எம்ஜிபி பார்க்கும்போது கிளட்ச் எந்த வருஷம் மாற்றியது என்பதைக் கட்டாயம் கேளுங்கள், பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. இரண்டையுமே வாங்கும் முன்பே சோதிக்கலாம்.

முதலாவது, இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் திரஸ்ட் வாஷர்கள். பிறைநிலா வடிவத்தில் மெல்லிய துண்டுகள். தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அறுக்கத் தொடங்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் கிளட்சை அழுத்தி விடட்டும், நீங்கள் முன்னால் இருக்கும் புல்லியைக் கவனியுங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது இன்ஜின் வேலைக்கான பணத்தை விலையில் கழியுங்கள்.

இரண்டாவது டிரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனை திருகி நிற்கும் மரைபோட்ட உலோகக் கட்டை, சக்கரம் திரும்புவது இதில்தான். இதற்குப் போட வேண்டியது கெட்டியான கியர் ஆயில், கிரீஸ் அல்ல. எம்ஜிபியில் அதே வேலையைச் செய்யும் கிங்பின்னுக்கோ கிரீஸ்தான், ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள். பழக்கதோஷத்தில் ஸ்பிட்ஃபயருக்கும் கிரீஸ் அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கிரீஸ் உள்ளே மரைவரை போகாது, தண்ணீர் போய்விடும். இரும்புத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறிந்துவிடும், சக்கரம் அப்படியே சாய்ந்துவிடும். பெரும்பாலும் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது முறியும். ஆனால் எப்போதும் பார்க்கிங்கில்தான் முறியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நண்பர் வண்டி வாங்கிய புதிதில் நாங்கள் அதன் திருகாணியைக் கழற்றி, நிப்பிள் பொருத்தி, பம்ப்பில் ஆயில் அடித்தோம். முதலில் வந்தது காபி நிறத் தண்ணீர். அப்புறம் துருப்பொடி கலந்த கறுப்புக் குழம்பு. நாலைந்து அழுத்தலுக்குப் பிறகுதான் தெளிந்த ஆயில் கசிந்தது. அன்றே அவர் இரண்டு பக்கத்துத் தண்டுகளையும் புதிதாக ஆர்டர் செய்தார். இப்போது ஒவ்வொரு வருஷமும் ஓட்டக் காலம் தொடங்கும்முன் அவர் செய்யும் முதல் வேலை இதுதான்.

எம்ஜிபியில் இப்படி ஒரே அடியில் ஆளைக் கவிழ்க்கும் விஷயம் குறைவு. 1964 கடைசியிலிருந்து கிராங்க் ஷாஃப்டுக்கு ஐந்து பேரிங் கொடுத்துவிட்டார்கள், அதன்பின் அந்த இன்ஜின் சளைக்காமல் உழைக்கும். தொந்தரவு தருவது பேட்டரி. 1974 வரை வந்த குரோம் பம்பர் வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால், தரைக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஒளிந்திருக்கும். எட்டாத இடத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, அவற்றைத் தாங்கும் தொட்டி அரித்துவிடும். லூகாஸ் நிறுவனத்தின் மின்சாதனங்களைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கும் புகார்களில் பெரும்பகுதி, இரண்டு வண்டிகளிலும், எர்த் ஒயர் சேரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: ஏறக்குறைய 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். புது ரேடியோவை யோசிக்காமல் மாட்டினால் புகைந்துவிடும்.

சாலையில் இரண்டும் வேறுவேறு சுபாவம். ஸ்பிட்ஃபயர் 800 கிலோவுக்குள் அடங்கும் பூஞ்சை உடம்பு, தாழ்வான இருக்கை. திருப்பும் வட்டம் சுமார் 24 அடிதான், சின்னச் சந்தில் ஒரே வெட்டில் யு-டர்ன் போடலாம். நாட்டுப்புறச் சாலையில் 40 மைலில் போனாலே பறப்பது போலிருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் 70இல் பிடித்தால் சத்தமும் காற்றும் ஆளைக் களைக்கவைக்கும், 1500 இன்ஜினின் பேரிங்குகளுக்கும் அது நல்லதல்ல. எம்ஜிபி கனம், ஸ்டீயரிங்கும் கனம், ஆனால் தூரம் போகும். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர் கியர் இருந்தால் 70 மைல் வேகத்தில் இன்ஜின் சுற்று 3900 அளவிலிருந்து 3200க்கு இறங்கிவிடும். எதை வாங்கினாலும் ஓவர்டிரைவ் உள்ளதாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் பரவாயில்லை.

எந்த வருஷத்து வண்டி என்பது முக்கியம். ஸ்பிட்ஃபயரில் மார்க் 3 வரை, வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரங்கள் உள்பக்கம் மடங்கி வண்டி சுழலப் பார்க்கும். 1970 கடைசியில் வந்த மார்க் 4இல் பின் ஸ்பிரிங்கை மாற்றி அதைச் சரிசெய்தார்கள், முதல் கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தது. முதல்முறை வாங்குபவர் அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. எம்ஜிபியில் முதல் கியர் சிங்க்ரோ 1967 கடைசியில் வந்தது. 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் சாய்வது அதிகமானது, 1977 மாடலில் ஆன்டி-ரோல் பார் சேர்த்து ஓரளவு மீட்டார்கள். அழகில் குரோம் பம்பருக்கு ஈடில்லை. ஆனால் ரப்பர் பம்பர் ஜிடிதான் இன்று குறைந்த விலைக்கு நல்ல பாடியோடு கிடைக்கும் வண்டி. பம்பரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

எம்ஜி மிட்ஜெட்டையும் சிலர் கேட்பார்கள். நல்ல வண்டி, மிகச் சிறியது. ஆறடி ஆள் என்றால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். 1974 கடைசிக்குப் பிந்தைய மிட்ஜெட்டில் ஓடுவது ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி இன்ஜின்தான், மேலே சொன்ன பேரிங் எச்சரிக்கை அதற்கும் உண்டு. ட்ரையம்ஃப் டிஆர்6 ஆறு சிலிண்டர், அருமையான சத்தம். பிரிட்டனில் விற்ற டிஆர்6களில் இருக்கும் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷனைப் புரிந்துகொள்ளத் தனிப் படிப்பு வேண்டும். அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் சட்ட விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே நிலை. 40 வயது தாண்டியதால் சாலை வரி கிடையாது, ஆனால் பதிவில் வரலாற்று வாகனம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தும் நாங்கள் இருவரும் வருஷாவருஷம் போகிறோம். வண்டியைத் தூக்கி வைத்து, அனுபவமுள்ள இன்னொருவர் அடியில் நின்று பார்ப்பது அந்தக் கட்டணத்துக்கு மிகவும் மலிவு. 2021 முதல் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். இ5 உள்ள சூப்பர் பெட்ரோலையே போடுங்கள்.

எனக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும் என்றால், ஓவர்டிரைவ் உள்ள எம்ஜிபி ஜிடி. இங்கிலாந்து மழைக்குக் கூரை உண்டு, டிக்கியில் பெட்டி வைக்கலாம், பின்னால் சின்னப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் உட்காரலாம், விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. ஆனால் பக்கத்தில் கராஜ் இருந்து, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் உங்கள் ஆசை என்றால், நண்பர் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

பனிக்காலம் முழுக்க மூடிவைத்த வண்டிகளை ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று நாங்கள் எழுப்புவோம். என் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். கார்புரேட்டர் நிறைய நிறைய அடி தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும். அப்போது சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வேன். நண்பர் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. அவர் பானெட்டைக் கவிழ்த்து, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பம்ப்பின் சின்ன நெம்புகோலை விரலால் இருபது தடவை அழுத்துவார். அழுத்தி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும்.