ஓய்வுக்குப் பிறகும் கேப்டன் யார்? ஸ்ரீகாந்த், கங்குலி, திராவிட்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கிரிக்கெட் பேச்சு எழுந்தால், அது கங்குலியா திராவிட்டா என்பதில்தான் போய் நிற்கும். நம் சென்னைக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரையும் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தை விட்ட பிறகு இந்திய அணியின் கேப்டன்களாக இருந்த இந்த மூவரும் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

கேப்டனாக மட்டும் பார்த்தால் கங்குலி முந்துகிறார். 49 டெஸ்ட்டில் 21 வெற்றி. திராவிட் 2007-இல் இங்கிலாந்தில் டெஸ்ட் தொடர் வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வீடு திரும்பினார். ஸ்ரீகாந்த் பாவம். 1989-இல் பாகிஸ்தானில் நான்கு டெஸ்ட்டையும் தோற்காமல் டிரா செய்துவிட்டு வந்தார், பதவி போய்விட்டது.

அப்புறம் வந்த வாழ்க்கைதான் சுவாரசியம். கங்குலி நிர்வாகத்துக்குப் போனார். 2019 முதல் 2022 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர். இந்தியாவின் முதல் பகலிரவு டெஸ்ட், கொரோனா காலத்தில் அமீரகத்தில் ஐபிஎல் எல்லாம் அவர் காலத்தில்தான். கோலியின் கேப்டன் பதவி விவகாரத்தில் பெயரும் கொஞ்சம் கெட்டது.

ஸ்ரீகாந்த் 2008 முதல் 2012 வரை இந்திய அணியின் தேர்வுக்குழுத் தலைவர். 2011 உலகக் கோப்பையை வென்ற அணி அவர் குழு எடுத்தது. ரோகித் சர்மாவை விட்டுவிட்டதும் அதே குழுதான். அந்த ரோகித் கேப்டனாக 2024-இல் டி20 உலகக் கோப்பையைத் தூக்கியபோது பயிற்சியாளராக இருந்தவர் திராவிட்!

"அண்ணாச்சி, கங்குலி உக்காந்த நாற்காலில திராவிட்டால உக்கார முடியுமால?" என்று தம்பி ஒருத்தன் கேட்டான். முடியுமோ முடியாதோ, திராவிட் பயிற்சியாளராகப் போனது 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும், முதன்மை அணிக்கு அடுத்த நிலையில் உள்ள இந்தியா 'ஏ' அணிக்கும். 'ஏ' அணியோடு வெளிநாடு போகிற எந்தப் பையனும் ஒரு ஆட்டமாவது ஆடாமல் திரும்பக் கூடாது என்பது அவர் வைத்திருந்த வழக்கம். 2018-இல் இளையோர் உலகக் கோப்பையை வென்றதும் தனக்கு 50 லட்சம், மற்ற பயிற்சிக் குழுவினருக்கு 20 லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்ததை அவர் ஏற்கவில்லை. எல்லாருக்கும் 25 லட்சமானது.

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியபோதே நம் நெல்லைப் பக்கம் சங்கர் நகர் மைதானத்துக்கும் ஆட்டங்கள் வந்தன. ஆனாலும் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்கு அணித் தேர்வுக்குப் போய், பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு வருகிற பையனுக்கு அந்த 'ஏ' அணி வழக்கத்தின் அருமை தெரியும். அதனால் என் ஓட்டு திராவிட்டுக்கு.

மேட்ச் பார்க்கும்போது பக்கத்தில் யார் வேண்டும் என்றால் மட்டும் ஸ்ரீகாந்த்தான். மனதில் பட்டதைப் படபடவென்று போட்டு உடைப்பதில் மற்ற இருவரும் அவரிடம் நெருங்க முடியாது.