பி0172 கோடு வந்தால் சாவியைக் கொடுப்பதற்கு முன்: பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்களா? செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0172 என்ற கோளாறு கோடு வந்திருக்கிறதா? ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் கிழிந்திருந்தது ஒரே ஒரு ரப்பர் ஹோஸ். அதைக் கண்டுபிடிக்காமல் ஆக்சிஜன் சென்சார், காற்றை அளக்கும் மாஃப் சென்சார், பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் "டர்போவே போயிடுச்சு சார்" என்றார்கள். பணம் போன வருத்தம் ஒரு பக்கம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு மட்டமான ஒன்றை மாட்டி, ஒரு கோளாறை இரண்டாக்கிக் கையில் கொடுத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

வண்டியில் இருந்த தொல்லை இதுதான். ஸ்டார்ட் ஆவதில் பிரச்சினை இல்லை, நிற்கும்போது இன்ஜின் சீராகவே ஓடும், நிதானமாக ஓட்டினால் எதுவும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ பிடிக்க வேண்டிய நேரத்தில் இழுவை செத்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. கூடவே பெட்ரோல் நாற்றம். மைலேஜும் நன்றாக இறங்கிவிட்டது. இதை அப்படியே சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது "கரும்புகை, மைலேஜ் குறைவு", அவ்வளவுதான். எப்போது வருகிறது என்பதை எழுதவே இல்லை. பிறகு நடந்த அத்தனைக்கும் தொடக்கம் அந்த விடுபட்ட வரிதான். ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலோடு ஓடும் இன்ஜினில் எந்த நேரத்தில் ரிச்சாகிறது என்பதே பாதி விடை.

ஸ்கேனரை மாட்டினார்கள், பி0172 வந்தது, "ஆக்சிஜன் சென்சார் சார்" என்றார்கள். அந்தக் கோடு எந்தப் பாகத்தையும் குறிப்பிடுவதில்லை. முதல் பேங்க்கில், அதாவது முதல் சிலிண்டர் வரிசையில், கலவை ரிச்சாக இருக்கிறது, பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் என்னால் சரிக்கட்ட முடியவில்லை என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு சொல்கிறது. சொல்வது அதோடு முடிந்தது. காரணம் பத்து இடத்தில் இருக்கலாம்.

இங்கே அடிப்படையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த பிறகு மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். பழைய கார்களில் இருக்கும் சாதாரண வகை ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; மேலேயே நின்றுவிட்டால் ரிச். அதைப் பார்த்து இசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃபியூல் ட்ரிம். அந்தந்த நொடியில் செய்வது ஷார்ட் டெர்ம், பழகிப்போய் நிலையாக வைத்துக்கொள்வது லாங் டெர்ம். ப்ளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பத்து சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாகக் கவலைப்பட வேண்டாத அளவு. மைனஸ் இருபது, இருபத்தைந்து பக்கம் போய் அங்கேயே நின்றால் பி0172 வரும்.

இப்போது யோசியுங்கள். ட்ரிம் மைனஸில் கிடக்கிறது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி படிந்து கறுத்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் ரிச் என்கிறது, பிளக்கும் அதையேதான் சொல்கிறது. அப்படியானால் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான் முதலில் கழற்றினார்கள். ட்ரிம் ப்ளஸில் இருந்துகொண்டே கரும்புகை வந்தால் கதை வேறு. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடித்தாலோ, எரியாத ஆக்சிஜன் சென்சாருக்குப் போய்ச் சேரும். லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று நம்பி இசியு மேலும் பெட்ரோலைக் கொட்டும். ஒரே கரும்புகைதான், ஆனால் தேட வேண்டிய திசை நேர் எதிர். ட்ரிம்மைப் பார்க்காமல் இதைப் பிரித்தறிய வழியில்லை. அவர்கள் ட்ரிம் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

இன்னொன்றும் செய்தார்கள். சென்சாரை மாற்றியதும் கோடை அழித்துவிட்டார்கள். கோடு பதிவாகும் கணத்தில் இசியு ஒரு குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அப்போது இன்ஜின் சுழலும் வேகமான ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் மேல் இருந்த பளுவான லோடு எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, ட்ரிம் எங்கே இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். என் வண்டி ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் ரிச்சாகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். விளக்கு அணைந்த வண்டியைக் கொடுத்து "ரெடி சார்" என்றார்கள். இசியு மறுபடி கற்றுக்கொள்ளும் வரைதான் அந்த நிம்மதி. விளக்கு திரும்ப எரிந்தது.

அடுத்தது மாஃப் சென்சார். ட்ரிம்மையும் பார்க்காமல், காற்றின் அளவையும் பார்க்காமல், ஒரு கிளீனர் ஸ்ப்ரே கூட அடித்துப் பார்க்காமல் மாற்றினார்கள். சூடான இன்ஜின் சும்மா நிற்கும்போது மாஃப் காட்டும் காற்று, இன்ஜின் கொள்ளளவில் ஒரு லிட்டருக்கு, நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் என்பது தோராயக் கணக்கு. இரண்டு லிட்டர் இன்ஜினில் இரண்டு, மூன்று கிராம் பக்கம் வந்தால் நம்பலாம். என் வண்டியில் மாட்டிய பெயர் தெரியாத கம்பெனியின் பாகம் அதைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது என்பது பிறகு தெரிய வந்தது. வராத காற்றை வந்ததாகச் சொன்னால் அதற்கும் சேர்த்து இசியு பெட்ரோல் அடிக்கும். அதுவரை சுத்தமாக ஓடிய இன்ஜின் நிற்கும்போதும் புகைய ஆரம்பித்தது. "பாருங்க சார், இன்ஜெக்டர் ஒழுகுது" என்று அதையே அடுத்த செலவுக்குக் காரணமாகக் காட்டினார்கள்.

இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்ப்பது பெரிய வித்தையே இல்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே பிரஷர் ரெகுலேட்டரின் வாக்வம் ஹோஸைப் பிடுங்கிப் பார்த்தால், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டும் செய்யப்படவில்லை. இந்த முறை பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிவிட்டேன். வேறொரு இடத்தில் பெஞ்சில் வைத்துச் சோதித்ததில் நான்கும் ஒரே அளவில் தெளித்தன, ஒன்றிலும் சொட்டு இல்லை.

இன்ஜெக்டர் மாற்றியும் புகை நிற்காததால் டர்போவுக்கு வந்தார்கள். முன்பக்கக் குழாயைக் கழற்றி, விரலால் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டி, "ஆடுது பாருங்க, எண்ணெயும் இருக்கு" என்றார்கள். சாதாரண டர்போவில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. நின்ற நிலையில் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் வந்தாலோ, சக்கரம் உறையில் உரசிய தடம் இருந்தாலோ பயப்பட வேண்டும். குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இன்ஜின் ஆவியை வெளியேற்றும் பிரீதரிலிருந்து வருவது, பழைய வண்டியில் சகஜம். டர்போ எண்ணெயை விழுங்கினால் புகை நீலமாக வரும். என் வண்டிக்கு வந்தது கறுப்பு. அங்கேயே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் போனது டர்போ வண்டிகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம். அவர் முதலில் கேட்டதே, "எப்ப சார் புகை வருது? நிக்கும்போதா, இழுக்கும்போதா?" என்றுதான். மாஃப் காட்டிய அளவைப் பார்த்ததும் கழற்றி, தன்னிடம் இருந்த ஒரிஜினல் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினார். ட்ரிம்மைத் திரையில் வைத்துக்கொண்டு என்னோடு ஏற்றத்துக்கு வந்தார். நிற்கும்போது ட்ரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். ஏற்றத்தில் டர்போ பிடிக்கத் தொடங்கியதும் மைனஸில் சரசரவென்று இறங்கியது. "அளந்த காத்து வெளியே போகுது" என்றார்.

மாஃப் வைத்த டர்போ காரில் காற்று முதலில் அளக்கப்படுகிறது, பிறகுதான் டர்போ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் என்று போகிறது. நடுவில் ஹோஸ் கிழிந்திருந்தால், அழுத்தம் ஏறும்போது அளந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும். பெட்ரோல் மட்டும் முழு அளவுக்கு வரும். அழுத்தம் இல்லாதபோது கிழிசல் மூடியே கிடக்கும், எதுவும் தெரியாது. ஓட்டை த்ராட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு பக்கம் இருந்தால் நிற்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்து ட்ரிம் ப்ளஸுக்குப் போகும், டர்போ பிடித்ததும் மைனஸுக்குத் திரும்பும். த்ராட்டில் மூடும்போது காற்றை வெளியில் விடும் வால்வை யாராவது ஆசைக்கு மாட்டியிருந்தாலும் கியர் மாற்றும்போதெல்லாம் இதே காரணத்தால் ஒரு கணம் ரிச்சாகும். மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கணக்குப் போடும் கார்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அங்கே கசிவு இருந்தால் இழுவைதான் முதலில் குறையும்.

டர்போவின் வாய்ப்பக்கத்தை மூடி, அளவான அழுத்தத்தில் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் நுரை கொப்பளித்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாகத் தெரிந்தது. எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பி மெத்தென்று இருந்தது. கையால் பிசைந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. காற்று ஏறியதும் விரல் நீளத்துக்கு ஓர் உதடு திறந்தது. அதற்கு நேர் கீழே, அடித்தட்டில், எண்ணெய் கலந்த கறுத்த கறை. முதல் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் அந்தக் கறை அவர்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கும்.

உங்கள் வண்டியில் ரிச் வேறு நேரத்தில் வந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். எப்போதுமே ரிச் என்றால் முதலில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை ஸ்கேனரில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட்டின் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் ஒயரோ சென்சாரோ அறுந்திருக்கிறது. எவ்வளவு ஓட்டியும் சூடு ஏறாவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம்; இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டியே வைக்கும். நிற்கும்போது மட்டும் மைனஸ், ஓட்டினால் சரியாகிறது என்றால் பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் கலந்த இன்ஜின் ஆயில் இவற்றைப் பாருங்கள். முழு ஆக்சிலேட்டரில் காற்று-பெட்ரோல் கணக்கு 12க்கு ஒன்று பக்கம் காட்டினால் யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். இன்ஜினைக் காப்பாற்ற, டர்போ முழு வேகத்தில் இருக்கும்போது இசியு வேண்டுமென்றே ரிச்சாகத்தான் ஓட்டும்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் இவற்றை எழுத வையுங்கள்: ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துக் கொடுக்காமல் கோடை அழிக்கக் கூடாது, நிற்கும்போதும் லோடிலும் ட்ரிம் எவ்வளவு என்று குறித்துத் தர வேண்டும், கழற்றிய பாகம் திரும்ப வர வேண்டும். வண்டியை எடுக்கும்போது, இசியு தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே முடியவில்லை என்று காட்டினால், சற்று முன்புதான் கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விளக்கு அணைந்திருப்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

ஹோஸும் கிளாம்ப்பும் புதிது, மாஃப் மறுபடியும் ஒரிஜினல், அதுவும் என் செலவில். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நின்ற ஆயிலில் பெட்ரோல் நாற்றம் அடித்ததால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாயிற்று. ட்ரிம் இப்போது ஏற்றத்திலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. மிச்சமிருக்கும் கவலை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் சூட்டில் உருகும். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என் பழைய மாஃப் சென்சாரைக் கேட்டேன். "ஸ்கிராப்புல போயிடுச்சு சார்" என்றார்கள். கோடு வந்தது, மாற்றினோம், எங்கள் மேல் தவறில்லை என்பதுதான் அவர்கள் பதில். பில்லில் 'டயக்னோசிஸ்' என்று தனியாக ஒரு கட்டணம் இருக்கிறது. அதற்கு எந்தெந்த ரீடிங் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு, இன்ஜெக்டர் சோதனை அறிக்கையையும் ஹோஸின் படத்தையும் இணைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.