"வீடியோவைப் பார்த்துத் திருத்துவோம்" என்று விற்கும் கிட்டார் வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கம்பிகளை விரல்களாலேயே தனித்தனியாக மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் கற்க ஆசைப்பட்டு, இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் வீணாக்கினேன். போன பணத்தைவிட, வலது கையில் ஏறிவிட்ட தப்பான பழக்கம்தான் இன்னும் வேதனை.

பாட வீடியோக்கள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. வாரம் ஒரு வீடியோ அனுப்பினால் ஆசிரியரே பார்த்துத் திருத்துவார் என்றார்கள். அதற்காகத்தான் பணம் கட்டினேன்.

முதல் வாரமே ஒரு முழுப் பாட்டின் டேப் (எந்தக் கம்பியை எங்கே அழுத்த வேண்டும் என்று எண்களால் காட்டும் குறிப்பு) வந்தது. எந்த விரலுக்கு எந்தக் கம்பி என்ற பாடமே இல்லை. தடித்த கம்பிகளான 6, 5, 4 ஆகிய மூன்றும் கட்டைவிரலுக்கு, 3 ஆள்காட்டி விரலுக்கு, 2 நடுவிரலுக்கு, 1 மோதிர விரலுக்கு என்ற அடிப்படையைக்கூட பிற்பாடு வேறிடத்தில்தான் கற்றேன். அதுவரை இரண்டே விரலால் எல்லாவற்றையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

வீடியோ அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வரும்: "அருமை! டோன் நன்றாக இருக்கிறது. இப்படியே தொடருங்கள்." நானும் மகிழ்ந்துபோவேன். மூன்றாம் மாதம் வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதினேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வலிக்கும் என்றார்கள். இடது கை விரல்நுனி எரிவது எல்லோருக்கும்தான், தோல் காய்த்ததும் சரியாகிவிடும். மணிக்கட்டு வலி அப்படி விடக்கூடியது அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் ஒருநாள், மைக் அணைந்திருந்தது தெரியாமல், ஒலியே இல்லாத வீடியோவை அனுப்பிவிட்டேன். அதற்கும் அதே பதில்: "டோன் நன்றாக இருக்கிறது." அன்றுதான் புரிந்தது, யாருமே பார்க்கவில்லை என்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டேப் கோப்புகளை இறக்கிவிட்டீர்கள், அதனால் தர முடியாது என்றார்கள். அவற்றை இறக்காமல் அங்கே முதல் பாடத்தைக்கூடத் தொடங்க முடியாது.

பிறகு நேரில் ஓர் ஆசிரியரிடம் போனேன். ஐந்து நிமிடம் பார்த்தார். மணிக்கட்டு மடிந்திருக்கிறது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஆள்காட்டி விரலோடு இடிக்கிறது என்றார். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால், கிட்டாரின் கழுத்துப் பக்கமாக நீண்டு நிற்க வேண்டுமாம். இடது கையால் சி கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துக்கொண்டு 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி என்று மாற்றி மாற்றி, கட்டைவிரலால் மட்டும் மீட்டச் சொன்னார். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில். அது யோசிக்காமல் ஓடத் தொடங்கிய பிறகே மற்ற விரல்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பெயரால் டிராவிஸ் பிக்கிங் என்று ஒரு மீட்டும் முறையைச் சொல்கிறார்களே, அதற்கு அடித்தளமே இப்படிக் கட்டைவிரலில் மாறி மாறி விழும் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்கள்தான். ஏழு மாதத்தில் இது ஒருமுறைகூடப் பாடமாக வரவில்லை.

ஆகவே எங்கேயும் சேரும் முன், ஒரு சிறு வீடியோ அனுப்பி, "என் வலது கையில் என்ன தவறு?" என்று கேளுங்கள். இந்த இடத்தில் இந்த விரல் தவறியது என்று பதில் வந்தால் சேரலாம். வெறும் பாராட்டு வந்தால் வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்கும் விதியை, எதையும் இறக்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பழைய பழக்கத்தை மாற்ற எனக்கு இப்போது நான்காவது மாதம் ஓடுகிறது. வலி போய்விட்டது. வேகம் கூட்டினால் மட்டும் கட்டைவிரல் இன்னும் உள்ளே மடங்கத்தான் பார்க்கிறது.