திருமண விசா நேர்காணலுக்குக் "கோப்புத் தயாரித்துத் தரும்" முகவர்கள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்கக் குடிமகனான கணவரிடம் போய்ச் சேர்வதற்காகக் குடியேற்ற விசாவுக்குக் காத்திருப்பவர்கள், நேர்காணலுக்கான சான்றுகளைத் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்லும் முகவர்களிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முகவர், பெரியவர்கள் பேசி முடித்து ஊரைக் கூட்டி நடத்திய எங்கள் திருமணத்தை, காகிதத்தில் பார்த்தால் பொய்த் திருமணம் என்றே சந்தேகப்படும்படி ஆக்கி வைத்திருந்தார். புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நான் திருச்சியைச் சேர்ந்தவள். என் கணவர் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள முதலில் போட வேண்டிய ஐ-130 மனுவை அவரே தாக்கல் செய்து ஒப்புதலும் பெற்றுவிட்டார். அதன்பின் கோப்பு அமெரிக்க அரசின் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம் செலுத்தி, குடியேற்ற விசா விண்ணப்பமான டி.எஸ்.-260 படிவத்தை நிரப்பி, பிறப்பு, திருமண, காவல்துறைச் சான்றிதழ்களையும் கணவரின் பொருளாதாரப் பொறுப்பேற்புப் படிவமான ஐ-864-ஐயும் பதிவேற்றிய பிறகுதான் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கும். இந்தக் கட்டத்தில்தான், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று அப்பா அந்த முகவரைப் பிடித்தார். பேசிய தொகை 85 ஆயிரம் ரூபாய். அதில் ஒரு பங்கு "எம்பஸி கட்டணம்" என்றார்கள். குடும்ப விசாவுக்கு அந்தக் கட்டத்தில் செலுத்த வேண்டியவை 325 டாலரும் 120 டாலரும் மட்டுமே. இரண்டையும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து, அரசின் இணையதளம் வழியாகத்தான் கட்ட முடியும். என் கணவர் ஏற்கெனவே கட்டியும் விட்டார். இதைச் சொன்னபோது "அது வேற, இது வேற மேடம்" என்பதுதான் பதில். எது வேறு என்று கடைசிவரை யாரும் விளக்கவில்லை. ரசீதிலும் "டாக்குமென்டேஷன் சார்ஜஸ்" என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன.

முதல் சந்திப்பிலேயே, வேறொரு தம்பதிக்குச் செய்து கொடுத்த ஆல்பத்தை மாதிரியாகக் காட்டினார். பொங்கல், தீபாவளி, மணமகளின் பிறந்தநாள், மாமல்லபுரம் சுற்றுலா என்று பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு. புடவை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் எல்லாப் படங்களிலும் அந்தப் பெண்ணின் கையில் இருந்த மருதாணி ஒரே கோலம், ஒரே சிவப்பு. தீபாவளிக்கு வைத்த மருதாணி பொங்கல் வரை அப்படியே நிற்குமா என்று நம் வீட்டுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாள்தோறும் இந்தியத் திருமணங்களின் கோப்புகளையே பார்க்கும் அதிகாரிக்கு அது தெரியாது என்று அவர் எப்படி நம்பினாரோ!

எங்கள் கோப்பு, நேர்காணலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது கூரியரில் வந்தது. அதில் என் பெரியப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் கொடுத்ததாக இரண்டு பிரமாணப் பத்திரங்கள் இருந்தன. இரண்டிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே ஆங்கிலம்; முத்திரைத்தாள்களின் எண்கள் அடுத்தடுத்தவை; நோட்டரி முத்திரை சென்னையில் வைக்கப்பட்டிருந்தது. பெரியப்பா அந்த மாதத்தில் திருச்சியைத் தாண்டியதே இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். இத்தகைய பத்திரத்தில் எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம் ஆகியவற்றோடு, இந்தத் திருமணத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் விவரமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகளே சொல்கின்றன. பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது என்பது பெரியப்பாவுக்குத்தான் தெரியும். அதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

அதைவிட மோசமானது, வேளச்சேரியில் நாங்கள் இருவரும் குடியிருந்ததாகச் சொல்லும் வாடகை ஒப்பந்தம். அந்த வீட்டை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. என் கணவர் கையெழுத்திட்டதாகப் போட்டிருந்த தேதியில் அவர் இந்தியாவிலேயே இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். தொலைபேசியில் கேட்டதற்கு, "சேர்ந்து வாழ்ந்ததுக்கு ப்ரூஃப் வேணும்ல மேடம், எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறோம்" என்றார். கணவர் அமெரிக்காவிலும் மனைவி இந்தியாவிலும் இருப்பதால்தான் இந்த விசாவே தேவைப்படுகிறது என்பதை அவருக்கு யார் விளக்குவது?

சந்தேகம் வந்த பிறகு, என் கணவர் டி.எஸ்.-260 படிவத்தைத் திறந்து பார்த்தார். நகல் தருவதாகச் சொல்லிச் சொல்லியே முகவர் அதை எங்களுக்கு அனுப்பாமல் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நான் மாணவர் விசா கேட்டு மறுக்கப்பட்டிருக்கிறேன். அதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். படிவத்தில், எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்பதற்கும் "இல்லை". விண்ணப்பதாரர் தாமே மின்கையொப்பம் இட வேண்டிய இடத்தில் அவரே என் பெயரில் இட்டு அனுப்பியும் விட்டார். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தோடு என் கைரேகையும் தூதரகத்தின் பதிவில் இருக்கிறது. முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே மறைத்ததாக அதிகாரி முடிவு செய்தால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி வாழ்நாள் தடையே வரலாம். பிறகு விலக்குக் கேட்டுத் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டியதுதான்.

நியூ ஜெர்சியில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கணவர் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்டார். முகவர் செய்த பத்திரங்களில் ஒன்றைக்கூட எடுத்துப் போகக் கூடாது, அதிகாரி கேட்கும்வரை காத்திராமல் படிவத்தில் உள்ள பிழையை நானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். குற்றம் வெளிப்படுவதற்கு முன் தாமாகவே உரிய நேரத்தில் திருத்திக்கொள்வதற்கு அந்த நாட்டு விதிகளில் இடம் இருக்கிறது. மும்பையில் உறுதிமொழி எடுத்த கையோடு நான் அதைச் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டு, முகவர் யார், எவ்வளவு வாங்கினார் என்று கேட்டார். பிறகு, விசாவை அப்போதைக்குத் தராமல் நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளைக் கொடுத்து, மேல் விசாரணை முடியும்வரை காத்திருக்கச் சொன்னார். விசா வந்தது, சில மாதங்கள் தாமதமாக.

முகவர் மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்த வினாத்தாளில், கணவரின் பல்துலக்கி என்ன நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பார் என்றெல்லாம் இருந்தன. இவை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரே வீட்டில் வாழும் தம்பதியரைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டு ஒப்பிடும் விசாரணையில் வருபவை. நியூயார்க்கில் 1976-இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின் பெயரால் அதை ஸ்டோக்ஸ் நேர்காணல் என்பார்கள். என்னிடம் கேட்டவை வேறு: வரன் யார் மூலமாக வந்தது, திருமணத்துக்கு அவர் தரப்பில் யார் யார் வந்தார்கள், அதன்பின் அவர் எப்போது ஊருக்கு வந்தார், என்ன வேலை செய்கிறார். நாங்கள் கொண்டுபோனவையும் சாதாரணமானவை: திருமணப் பதிவுச் சான்றிதழ், ஆங்கில மொழிபெயர்ப்போடு கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, அவர் வந்துபோன விமானச் சீட்டுகள், அவருடைய காப்பீட்டில் என்னை வாரிசாகக் குறித்த தாள், பெரியப்பா தமிழில் சொல்லச் சொல்ல எழுதி மொழிபெயர்த்த புதிய பிரமாணப் பத்திரம். "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குப் புரியாது சார்" என்று முகவர் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்த மொய் நோட்டையும் எடுத்துப்போனேன். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டி, இது என்ன என்று கேட்டு, சிரித்தார்.

திருமணமாகி இரண்டாண்டு முடிவதற்குள் அமெரிக்காவுக்குள் நுழைபவர்களுக்கு முதலில் நிபந்தனையோடு கூடிய வசிப்புரிமைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவோடு மறுபடியும் சான்று காட்ட வேண்டும். அந்த வேளச்சேரி ஒப்பந்தத்தைக் கொடுத்திருந்தால், அப்போதும், பிறகு குடியுரிமை கேட்கும்போதும், அதே கோப்பில் அது எங்களுக்காகக் காத்திருந்திருக்கும்.

மீதிப் பணம் கேட்டு முகவர் பிடித்து வைத்திருந்த என் அசல் பிறப்புச் சான்றிதழ், காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய பிறகு ஒரு பையன் கையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பணம் திரும்பவில்லை; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று தாக்கல் செய்திருக்கிறோம். முகவரிடம் இப்போது கோப்பைக் கொடுத்திருப்பவர்கள், தேசிய விசா மையம் கொடுத்த வழக்கு எண்ணையும் இன்வாய்ஸ் எண்ணையும் வைத்துக்கொண்டு தங்கள் டி.எஸ்.-260-ஐ இன்றே திறந்து, விசா மறுப்பு, முந்தைய திருமணம், உதவியவர் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.