சிபாம் எக்செல் படிவம்: போல்ட் ஆலைக்கு எவ்வளவு உதவும்?

சிபாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் எஃகு போன்ற சரக்கின் கார்பன் உமிழ்வுக்கு விதிக்கப்படும் எல்லைக் கட்டணம். அதற்காக ஐரோப்பிய ஆணையம் இலவசமாகத் தரும் எக்செல் கோப்பின் வேலை ஒன்றுதான்: ஒரு டன் சரக்குக்குள் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, இறக்குமதி செய்பவருக்கு அனுப்ப ஒரு பக்கம் தயார் செய்வது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரையிலான இடைக்காலத்துக்காக உருவானது. அப்போது அறிக்கை கொடுத்தால் போதும். 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும். போல்ட், நட்டு செய்யும் ஆலையை வைத்து இதைப் பார்ப்போம். கார்பன் வரியால் வேலை போகுமா என்ற கேள்வி சூடாக எழும் இடம் அது.

கோப்பைத் திறந்ததும் மிரள வேண்டாம். ஏ ஷீட்டில் ஆலை விவரமும் உற்பத்திப் பிரிவும், பி-யில் எரிபொருள், சி-யில் ஆற்றல் சுருக்கம், டி-யில் உற்பத்தி அளவும் மின்சாரமும், இ-யில் வாங்கிய மூலப்பொருள். மஞ்சள் செல்களில்தான் நிரப்ப வேண்டும். மற்றதைக் கோப்பே போட்டுக்கொள்ளும். ஏ-யில் பிரிவைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் வரும் எல்லா ஷீட்டும் கோணலாகும். அங்கே அவசரப்படக் கூடாது.

ஓர் ஆண்டுக் கணக்கு இப்படி வரும். 1,000 டன் வயர் ராடு (போல்ட்டுக்கு மூலப்பொருளான எஃகுக் கம்பி) உள்ளே போய் 900 டன் போல்ட்டும் 100 டன் ஸ்கிராப்பும் வெளியே வருகின்றன என்று கொள்வோம். ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கு 45 டன் எல்பிஜி. டன்னுக்கு 47.3 ஜிகாஜூல் வெப்பம், டெராஜூலுக்கு (1,000 ஜிகாஜூல்) 63.1 டன் உமிழ்வு என்றால் மொத்தம் 134 டன். போல்ட் டன்னுக்கு 0.15. வயர் ராடு செய்யும்போது வந்த உமிழ்வு டன்னுக்கு 2.1 என்றால், 1,000-ஐ 900-ஆல் வகுத்து வரும் 1.11-ஆல் பெருக்கி 2.33. இரண்டும் சேர்ந்து 2.48.

அதிகம் பேர் சறுக்குவது அந்த 1.11-இல்தான். ஸ்கிராப்புக்கு உமிழ்வு பூஜ்யம் என்பதால் அதன் பங்கும் போல்ட் தலையிலேயே விழும். 2.1-ஐ அப்படியே போட்டால் 2.25 என்று வரும். சரிபார்ப்பாளர் அதைப் பிடித்துவிடுவார். அடுத்தது, இயற்கை எரிவாயு பில்லில் பெரும்பாலும் இருப்பது மொத்தக் கலோரி மதிப்பு. டெராஜூலுக்கு 56.1 டன் என்ற உமிழ்வுக் காரணி நிகர மதிப்புக்கு உரியது. கலந்துவிட்டால் கணக்கு ஏறக்குறைய 10% வீங்கும். டீசலை லிட்டரில் போடுவது, தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் விட்டுவிட்டு வாங்கியதை மட்டும் எண்ணுவது, கணக்கில் வராத ஃபோர்க்லிஃப்ட் டீசலைச் சேர்ப்பது ஆகியவை வழக்கமான பிழைகள். முலாம் பூசும் பகுதியின் மின்சாரத்தைக் கோப்பு கேட்கும். ஆனால் இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு 2026 முதல் நேரடி உமிழ்வுக்கு மட்டுமே கட்டணம்.

இப்போது அந்த 2.48-ஐ மறுபடி பாருங்கள். ஆலையின் சொந்த உமிழ்வு 0.15, அதாவது 6%. மீதி முழுதும் உருக்காலையில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆள் அதிகம் வேலை செய்வது போல்ட் ஆலையில், புகை அதிகம் வருவது உருக்காலையில். எனவே தொழிலாளிகளின் கதியைத் தீர்மானிப்பது இ ஷீட். படிவத்தின் பலவீனமும் அதுதான்: வயர் ராடு சப்ளையர் எண் தராவிட்டால் கோப்பால் ஒன்றும் செய்ய முடியாது. உண்மை எண் இல்லாதபோது போட விதியில் தந்திருக்கும் இயல்பு மதிப்பைத்தான் போட வேண்டும். எஃகுக்கு அதன்மேல் 2026-இல் 10%, 2027-இல் 20%, 2028 முதல் 30% கூடுதல். இயல்பு மதிப்பும் 2.1 என்றே வைத்தாலும் 2028-இல் அது 2.73 ஆகி, போல்ட் 3.18-க்குப் போகும். ஒரு டன் உமிழ்வுக்கு இறக்குமதியாளர் வாங்க வேண்டிய சான்றிதழின் விலை 75 யூரோ என்றால், ஒரு காகிதம் வராததால் போல்ட் டன்னுக்கு 52.5 யூரோ அதிகம். ஸ்கிராப்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்த, டன்னுக்கு 0.7 டன் உமிழ்வே உள்ள வயர் ராடு வாங்கும் போட்டியாளரோ 0.93-இல் நிற்பார். ஆர்டர் அங்கே போகும்.

2026-இல் உமிழ்வில் 2.5%-க்குத்தானே கட்டணம் என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். அந்தச் சதவீதம் அளவுகோல் மதிப்புக்குள் (அந்தப் பொருளுக்கு விதி வைத்திருக்கும் உமிழ்வு அளவு) அடங்கும் பகுதிக்குத்தான். அதைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் ஆண்டிலேயே முழு விலை. 50 டன் வரையிலான சரக்குக்குக் கட்டணம் இல்லை என்ற விலக்கும் இறக்குமதியாளரின் ஆண்டு மொத்தத்துக்கு உரியது, உங்கள் ஆலைக்கு அல்ல.

எஃப் ஷீட்டில் கார்பன் விலைக்கான கணிப்பானைப் பலர் திறப்பதே இல்லை. உற்பத்தி செய்யும் நாட்டிலேயே கார்பன் வரி கட்டியிருந்தால், திரும்பப் பெற்ற சலுகை போக மீதியைக் கழிக்கலாம். உள்நாட்டுக் கார்பன் வரி வேலையைத் தின்னும் என்று வாதிடுபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை: ஏற்றுமதிச் சரக்கைப் பொறுத்தவரை அந்தப் பணம் எங்காவது கட்டப்படத்தான் போகிறது. உள்நாட்டுச் சந்தைக்கே விற்கும் ஆலைக்கு இந்த ஆறுதல் கிடையாது.

கணக்குப் போட்டுப் பழகவும், எண் எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்கவும் நல்ல கருவி. ஆனால் இனி இதை நிரப்பி அனுப்பினால் மட்டும் போதாது. உண்மை மதிப்பைக் காட்ட அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் ஒப்புதல் வேண்டும். நிரப்பத் தொடங்கும் முன்பே வயர் ராடு சப்ளையரிடம் அவருடைய கோப்பின் சுருக்கப் பக்கத்தைக் கேளுங்கள். இரண்டு சப்ளையர் இருந்தால் இ ஷீட்டில் தனித்தனி வரிசை. அடுத்த கொள்முதல் ஆர்டரில், விலைக்குக் கீழேயே, சரிபார்த்த உமிழ்வு எண் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.